ஒருத்தி தூக்குமளவு

பழைய விரிப்பை உரித்தெடுத்தேன்.
தட்டின் இடது மூலையில்
ஐந்து ரூபாய்க் குற்றியளவு ஓட்டை.
குனிந்தால் உட்துறைமுக வீதி தெரிகிறது,
தாரில் அழுந்திய ஒரு சோடா மூடியோடு.

ஐந்து வருஷ ஐஸ் தண்ணீர்.
சல்லிக் கரையிலிருந்து சந்தைக்கு,
சந்தையிலிருந்து உப்புவெளி விடுதிகளுக்கு,
விடியுமுன் ஓடிய ஒவ்வொரு நடையும்
பெட்டி மூலையால் ஒரு சொட்டு விட்டுவைத்தது.
விரிப்பின் மேல் நான் துடைத்தேன்.
விரிப்பின் கீழ் உப்பு வேலை செய்தது.

"அது காப்பாத்தேல்ல, மூடித்தான் வச்சிருக்கு,"
என்றார் ஒட்டுவேலை பெனடிக்ற்,
கறுப்புக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு.
ஓட்டையை அடைக்க நாலாயிரம் வாங்கினார்.
அந்த வசனத்துக்குத் தனியாக வாங்கவில்லை.

பிறகு நவ்பீக்கின் கடை.
சுவரோடு சுருண்டு நிற்கின்றன றப்பர்கள்,
கோபித்துக்கொண்டு முதுகு காட்டும் ஆட்கள் போல.

முதலாவது மலிவு.
பழைய ரயரைப் பொடியாக்கி அமர்த்தியது.
பெருவிரலால் தேய்த்தேன், கறுப்பு வந்தது.
விரலில் வந்தது பாரையின் வயிற்றிலும் வரும்.
வேண்டாம்.

இரண்டாவதில் கம்பனிப் பெயர் பளபளத்தது.
மூலையை மடித்து அமத்திப் பிடித்துக்கொண்டு
நவ்பீக்கின் பிள்ளையின் காய்ச்சலை விசாரித்தேன்.
விட்டபோது
மடிப்பு மடிப்பாகவே நின்றது,
நடுவில் வெள்ளையாய் ஒரு கோடு.
காய்ச்சல் இறங்கிவிட்டதாம்.

மூன்றாவது, புல்மோட்டைப் பக்கம்
மணல் சுமந்து ஓடிக் களைத்த பட்டி.
உள்ளே நாலடுக்குக் கான்வஸ்.
மீன் வெட்டும் கத்தியை வைத்து இழுத்தேன்,
கத்திதான் வெட்கப்பட்டது.
"உங்கட வாகனம் உக்கிப்போகும், இது உக்காது அக்கா."
உண்மைதான்.
ஆனால் அதை உருட்டிக்கொண்டுவந்த
இரண்டு பொடியன்களும்
இன்னும் மூச்சுவாங்கிக்கொண்டு நிற்கிறார்கள்.

இரவு ஒன்பதரைக்கு
வளவில் பைப்பைத் திறந்து
விரிப்பைத் தூக்கித் தட்டைக் கழுவி
மதிலில் சாய்த்து உலரவிட
நான் இருக்கிறேன்.
இன்னொருவர் கட்டாரில்.
பாரமென்றால் இன்றைக்கு விடுவேன்,
நாளைக்கும் விடுவேன்,
என்னை எனக்குத் தெரியும்.
பிறகு ஒருநாள் குனிந்தால் திரும்பவும் வீதி.

நாலாவதை ஒருவரும் காட்டவில்லை.
வாசலில் கிடந்தது,
வந்தவர் போனவர் செருப்புத் துடைத்து மங்கி.
நானும் துடைத்துவிட்டுத்தான் உள்ளே வந்திருந்தேன்.
"இதென்ன?"
"அதுவா, கேகாலைச் சாமான். கடை திறந்தண்டு போட்டது,
எட்டு வருஷம். உள்ளுக்குச் சுருள் கிடக்கு.
ஆரும் கேக்கிறேல்ல, மினுக்கமில்லைதானே."

புரட்டினேன். அடியிலும் வரிவரியாய்ப் பள்ளம்.
அவர் குடித்து மிச்சம்வைத்த தேத்தண்ணியை
உயர்ந்த பக்கத்தில் ஊற்றினேன்.
பள்ளங்களால் இறங்கி
மற்ற விளிம்பால் போனது,
எங்கும் தங்கவில்லை.

"ஜசிந்தாக்கா, செவுள் தூக்கிப் பாக்கிற மாதிரியெல்லோ
பாக்கிறியள்."
ஓம், செவுள்தான் தேடினேன்.

இரண்டு துண்டாக வெட்டச் சொன்னேன்,
ஒவ்வொன்றும் ஒருத்தி தூக்குமளவு.
வெட்டு விழுந்தால் ஆயுள் குறையும் என்றார்.
குறையட்டும் என்றேன்.
பதினெட்டாயிரத்து ஐந்நூறு.
ஐந்நூறை விடச் சொல்லி நின்றேன்,
முந்நூறை விட்டார்,
தேத்தண்ணிக்கு இருநூறு என்றார்.

வெளியே,
அளவுக்கென்று கொண்டுவந்து மதிலடியில் போட்ட
பழைய விரிப்புக்குப் பக்கத்தில்
இரண்டு மான்கள்.
ஒன்று யாரோ எறிந்த சோற்றுப் பார்சல் தாளை மெல்கிறது.
மற்றது, கொம்பில் நைலோன் நூல் தொங்க,
வண்டிக்குக் குறுக்கே நின்று
என் ஐந்து வருஷ உப்பை
ஆறுதலாக நக்குகிறது.

ஹோர்ன் அடிக்க மனமில்லை.
ஐஸ் வாடி ஐந்து மணிக்குப் பூட்டும்.

கொஞ்சநேரம் பார்த்துவிட்டு
அடித்தேன்.